பின் பிரேக் ஷூ மாற்றிய பிறகு வரும் தொல்லைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று இருக்கும் சின்னக் கார்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மாருதி 800, ஆல்டோ, வேகன் ஆர் மாதிரி வண்டிகள். வீட்டிலேயே ஷூ மாற்றியவர்களுக்கும், ஒர்க்‌ஷாப்பில் மாற்றிக்கொண்டு வந்த பிறகு ஏதோ சரியில்லையே என்று தவிப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஷூ மாற்றிய பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை புது ஷூவால் வருவதில்லை. அட்ஜஸ்ட் செய்த வரிசை தவறினால்தான் வருகின்றன.

ஷூ புதுசு, ஆனாலும் ஹேண்ட் பிரேக் கடைசி வரை மேலே வருகிறது, மேட்டில் வண்டி நிற்கவில்லை. கேபிளை டைட் வைத்தால் போதுமா?

வேண்டாம். முதலில் கை போகக்கூடாத இடம் அதுதான்.

டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் காரணம் புரிந்துவிடும். வெளிமுகத்தில் டிரம்மோடு உரசித் தேயும் லைனிங் ஒட்டிய இரண்டு ஷூக்கள். மேலே அவற்றை விரிக்க ஒரு வீல் சிலிண்டர், கீழே இரண்டும் முட்டி நிற்க ஒரு ஆங்கர். இரண்டு ஷூக்களுக்கும் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை, அதில்தான் பல் பல்லாக வெட்டிய ஆட்டோ அட்ஜஸ்டர். பின்பக்க ஷூவில் ஒரு லிவர் தொங்கும், ஹேண்ட் பிரேக் கேபிள் அதைத்தான் இழுக்கிறது. லிவர் அந்தக் குறுக்குப் பட்டையைத் தள்ள, பட்டை எதிர் ஷூவைத் தள்ள, இரண்டும் டிரம்மில் அழுந்துகின்றன.

ஆக, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால், கேபிள் இழுக்கும் தூரமெல்லாம் அந்த இடைவெளியை மூடவே செலவாகிவிடும். இதைச் சரி செய்ய வேண்டியது அட்ஜஸ்டர். நீங்கள் கேபிளை முறுக்கினால் ஹேண்ட் பிரேக் பிடிப்பதுபோல் தெரியும், ஆனால் உள்ளே அந்த லிவர் தன் ஓய்விடத்துக்குத் திரும்பாமல் எப்போதும் கொஞ்சம் இழுபட்டே நிற்கும். லிவர் முழுசாகத் திரும்பாவிட்டால் ஆட்டோ அட்ஜஸ்டரால் வேலை செய்ய முடியாது. லைனிங் தேயத் தேய இடைவெளியைக் குறைக்க ஆளில்லாமல் கால் பெடல் கீழே இறங்கிக்கொண்டே போகும். நீங்கள் மறுபடியும் கேபிளை முறுக்குவீர்கள்.

முதன்முதலில் ஷூ மாற்றியபோது நான் இதையேதான் செய்தேன். மூன்றே கிளிக்கில் ஹேண்ட் பிரேக் இறுகி நின்றது, அவ்வளவு திருப்தி. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போய் இறங்கியபோது பின்சக்கரப் பக்கம் கருகிய வாடை, ரிம்மில் கை வைக்க முடியவில்லை. புது லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருந்தது. ஒரே நாளில் ஒரு செட் ஷூ வீண்.

சரி, அப்படியானால் எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல்லோ கட்டையோ கொடுத்து, கியரில் போட்டுவிடுங்கள். இந்தக் கார்களில் எஞ்சின் முன்சக்கரத்தை ஓட்டுவதால் கியர் போட்டால் முன்சக்கரம் உருளாது, நமக்கு வேண்டியதும் அதுதான், ஏனென்றால் இந்த வேலைக்கு ஹேண்ட் பிரேக்கை இறக்கியாக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் எதையும் நீட்டாதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள்.

முதல் வேலை கேபிளை லூஸ் செய்வது. வண்டிக்குள் கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் லிவருக்குக் கீழே, கவரைக் கழற்றினால், அட்ஜஸ்ட் செய்யும் நட் தெரியும். கேபிளில் தொய்வு தெரியும் வரை அதைப் பின்னுக்குத் திருப்புங்கள். இரண்டாவது, டிரம்மைப் போடுவதற்கு முன் அட்ஜஸ்டரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, டிரம் லேசாக உரசியபடி உள்ளே வழுக்கிப் போகும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். மூன்றாவது, இரண்டு பக்கமும் டிரம் ஏறிய பிறகு மட்டும், முன்சக்கரக் கட்டைகள் அப்படியே இருக்க, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து எஞ்சினை ஓட விட்டுக் கால் பெடலை நன்றாக அழுத்தி அழுத்திப் பத்துப் பதினைந்து தடவை விடுங்கள். உள்ளே அட்ஜஸ்டர் ஒவ்வொரு பல்லாக நகரும், காது கொடுத்தால் சில வண்டிகளில் அந்தச் சத்தம்கூடக் கேட்கும். பெடல் மேலே வந்து ஒரே உயரத்தில் நிற்க ஆரம்பித்ததும் நிறுத்துங்கள், எஞ்சினையும் அணைத்து மறுபடி கியரில் போடுங்கள்.

கேபிள் கடைசியில்தான். இழுத்தால் எத்தனை கிளிக்கில் இறுக வேண்டும் என்று வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும். சின்னக் கார்கள் பலவற்றில் அது 4 முதல் 9 கிளிக்குக்குள் வரும், ஆனால் உங்கள் கையேட்டில் உள்ள எண்தான் முடிவு. லிவரை முழுசாக இறக்கிவிட்டு இரண்டு பின்சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான உரசல் ஓசை இருக்கலாம், தப்பில்லை. சுற்றவே கை வலித்தால் கேபிள் அதிகம்.

ஒரு எச்சரிக்கை. டிரம் கழற்றியிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக்கூடாது. வீல் சிலிண்டர் பிஸ்டன் வெளியே துள்ளி விழுந்து பிரேக் ஆயில் கொட்டிவிடும், அப்புறம் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையும், அதாவது ஏர் எடுப்பதும், சேர்ந்துகொள்ளும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கார் கதவைப் பூட்டி, சாவியை எடுத்து வைத்துக்கொண்டு வேலை பாருங்கள்.

புது ஷூ மாட்டியதும் டிரம் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் தட்டலாமா?

தட்டாதீர்கள். அட்ஜஸ்டர் பழைய தேய்ந்த ஷூவுக்கு விரிந்த நிலையிலேயே இருக்கும், அதை முழுசாகச் சுருக்கினீர்களா என்று பாருங்கள். அது சரியென்றால் ஷூவில் தொங்கும் ஹேண்ட் பிரேக் லிவர் முழுசாகத் திரும்பியிருக்கிறதா, ஷூவின் மேல்முனை வீல் சிலிண்டர் பிஸ்டனின் காடியில் உட்கார்ந்திருக்கிறதா, கீழ்முனை ஆங்கரில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஷூக்களையும் கையால் மேலும் கீழும் தட்டி டிரம்முக்கு நடுவாக வரச் செய்தாலே பாதி நேரம் டிரம் ஏறிவிடும். இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் பழைய ஷூவையும் புது ஷூவையும் முதுகோடு முதுகாக வைத்து வளைவும் அகலமும் ஒன்றுதானா என்று பாருங்கள். மாடல் ஒன்றாக இருந்தாலும் ஆண்டு மாறினால் ஷூ மாறுவதுண்டு.

பெடல் ரொம்பக் கீழே போகிறது. ஏர் அடைத்திருக்கிறதா?

பிரேக் ஆயில் லைனைத் திறக்காமல் ஷூ மட்டும் மாற்றியிருந்தால் ஏர் போக வழியே இல்லை. அதற்குள் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்து ஆயிலைக் கொட்டிவிடாதீர்கள்.

ஒரு எளிய சோதனை இருக்கிறது. வண்டி நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று கிளிக் தூக்கிவிட்டுப் பெடலை மிதியுங்கள். பெடல் சட்டென்று மேலே வந்தால், பின் ஷூ டிரம்மைவிட்டுத் தள்ளி நிற்கிறது, அட்ஜஸ்டர் இன்னும் விரிய வேண்டும் என்று அர்த்தம். அதே கீழ்நிலையில் இருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் இறுகுகிறதென்றால் ஏர் இருக்க வாய்ப்பு. கால் வைத்து அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினால் எங்கோ லீக், அல்லது பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் போய்விட்டது. அந்த வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரைக்கும் மிதிப்பதையும் தவிர்த்துவிடுங்கள். வழக்கமாகப் போகாத தூரத்துக்கு ரப்பர் போய், அங்கே படிந்திருக்கும் துருவிலும் கசடிலும் கிழிந்துபோகும். பெடலுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டை வைத்தால் போதும்.

ஷூ மாற்றி இரண்டு நாளில் டிரம்முக்குள் ஆயில் கசிகிறது. மெக்கானிக் ஏதோ கெடுத்துவிட்டாரா?

பெரும்பாலும் இல்லை. இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் நல்ல மெக்கானிக்குகள் பலர் வீணாகத் திட்டு வாங்குகிறார்கள்.

பழைய ஷூ தேயத் தேய வீல் சிலிண்டர் பிஸ்டன்கள் வெளிப்பக்கமாக நகர்ந்து வருடக்கணக்கில் அங்கேயே வேலை செய்திருக்கும். ரப்பர் கப் தொடாத உள்பகுதியில் ஈரமும் கசடும் தங்கி சிலிண்டர் சுவர் அரித்துப்போயிருக்கும். புது ஷூவின் கனமான லைனிங் பிஸ்டன்களை மறுபடி உள்ளே தள்ளுகிறது. இப்போது அந்த ரப்பர் அரித்த இடத்தின் மேல் ஓடுகிறது. கசிவு ஆரம்பிக்கிறது.

அதனால் ஷூ மாற்றும் நாளிலேயே சிலிண்டரின் இரண்டு பக்க ரப்பர் டஸ்ட் கவரையும் மெல்ல உரித்துப் பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் சிலிண்டரையே மாற்றிவிடுங்கள். கிட், அதாவது உள்ளே இருக்கும் ரப்பர்களை மட்டும் புதுசாகப் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். சுவர் வழவழப்பாக இருந்தால் கிட் தாங்கும், அரித்திருந்தால் தாங்காது.

இன்னொன்று, பிஸ்டன்கள் உள்ளே போகும்போது அங்கிருந்த ஆயில் மேலே பிரேக் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். ஷூ தேய்ந்த காலத்தில் யாராவது டப்பாவை நிரம்ப ஊற்றியிருந்தால் அது வழிந்து பெயின்டைத் தின்றுவிடும். முன்கூட்டியே கொஞ்சம் எடுத்துவிடுங்கள், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஆயில் பட்ட ஷூவை பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்துப் போடலாமா?

கூடாது. லைனிங் ஆயிலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும், ஓடிச் சூடாகும்போது உள்ளிருந்து மறுபடி வெளியே வரும். ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிடிக்கும், மழைச் சாலையில் வண்டியின் பின்பாகம் ஒதுங்கும். கசிவை நிறுத்திவிட்டு, இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துப் புது செட் போடுங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் ஷூ மாற்றுவது எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம்.

டீசலும் மண்ணெண்ணெயும் வைத்து உள்பாகங்களைக் கழுவும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அந்த எண்ணெய் பட்டால் வீல் சிலிண்டர் ரப்பர் ஊதிப்போகும். பிரேக் கிளீனர் ஸ்பிரே இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீரும் ஈரத்துணியும் போதும், நன்றாக உலர்த்திவிட்டு மாட்டுங்கள். ஏர் பிடித்து ஊதி அந்தக் கறுப்புத் தூளைப் பறக்கவிடாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சூடாகிறது. எங்கே தேடுவது?

நாலைந்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டிவிட்டு, இரண்டு பின் ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். தொட வேண்டாம், பக்கத்தில் கொண்டுபோனாலே வித்தியாசம் தெரியும்.

சூடான பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் கேபிளை அந்தப் பக்கம் லூஸ் செய்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். இப்போது விட்டுவிட்டதா? கேபிள்தான் குற்றவாளி. விடவில்லையா? நிப்பிளை ஒரு கணம் திறந்து பாருங்கள், ஆயில் பீய்ச்சி சக்கரம் விடுபட்டால் அழுத்தம் லைனிலேயே தங்குகிறது, மாஸ்டர் சிலிண்டர் அல்லது ஹோஸ் பக்கம் பார்க்க வேண்டும். அதற்கும் விடவில்லை என்றால் கோளாறு டிரம்முக்குள்: ரிட்டர்ன் ஸ்பிரிங் இடம் மாறி மாட்டியிருக்கலாம், தொய்ந்திருக்கலாம், பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், அட்ஜஸ்டரை அளவுக்கு மேல் விரித்திருக்கலாம்.

ஸ்பிரிங்குகளை ஷூவோடு சேர்த்தே மாற்றுங்கள். சூட்டில் வெந்து நீலம் பாய்ந்த ஸ்பிரிங்கைப் பார்த்தால் அதை மறுபடி மாட்ட மனசு வரக்கூடாது.

லிவரை இறக்கிவிட்டாலும் ஹேண்ட் பிரேக் விடமாட்டேன் என்கிறது. மழைக்காலத்தில்தான் அதிகம்.

இரண்டு வேறு விஷயங்கள் இப்படித் தெரியும். கேபிளின் வெளி உறையில் எங்காவது விரிசல் விட்டால் தண்ணீர் புகுந்து உள்ளே துருப்பிடிக்கும். இழுக்கும்போது நம் கை பலத்தில் கேபிள் வந்துவிடும், திரும்பிப் போக ஸ்பிரிங் பலம் மட்டும்தான், அது போதாது. இதற்கு ஆயில் விட்டுப் பார்ப்பது ஓரிரு வாரத் தீர்வுதான். கேபிளை மாற்றுங்கள். பின்சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு கேபிள் போகும் வண்டிகளில், ஒன்று இறுகினால் மற்றொன்றே முழு வேலையும் செய்யும். மேட்டில் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி நழுவுவதற்கு இதுவும் காரணம்.

இன்னொன்று, நனைந்த டிரம்மோடு ஹேண்ட் பிரேக் போட்டு ராத்திரி முழுக்க நிறுத்தினால் லைனிங் டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். காலையில் கிளம்பும்போது ‘டொப்’ என்று விடுபட்டால் அதுதான். வெள்ளத் தண்ணீரில் ஓட்டி வந்த பிறகும், சர்வீஸில் கழுவிய பிறகும், மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாக அழுத்தி உலர்த்திவிட்டு நிறுத்துங்கள். சமதளமாக இருந்தால் அன்றிரவு கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடலாம்.

விதவிதமாகச் சத்தம் வருகிறது.

கீச்சென்ற சத்தம், அதுவும் பெடல் மிதிக்கும்போதும் விடும்போதும் வந்தால், ஷூ உரசி நகரும் பின்தட்டின் மேடுகள் வறண்டிருக்கின்றன. அந்த மேடுகளில் மட்டும், நகக்கண் அளவு, சூடு தாங்கும் கிரீஸ் தடவுங்கள். அதிகம் தடவினால் லைனிங்குக்கு வந்துவிடும்.

டிரம்மை லேத்தில் கொடுத்து எடுத்த பிறகு பிரேக் பிடிக்கும்போது டக் டக் என்று கேட்டால், கடைசி வெட்டு சொரசொரப்பாகப் போயிருக்கிறது. திருகாணியின் மரை மாதிரி சுருள் கோடு விழுந்து, ஷூ அதில் ஏறி வெளிப்பக்கம் நகர்ந்து, சட்டென்று திரும்பி விழுகிறது. மென்மையாக இன்னொரு வெட்டு கொடுத்துவிட்டு உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும்.

கரகரவென்று இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் வந்தால் உடனே நிறுத்திக் கழற்றுங்கள். ஸ்பிரிங்கோ கிளிப்போ கழன்று உள்ளே சுற்றிக்கொண்டிருக்கலாம்.

லேசாக மிதித்தாலே பின்சக்கரம் லாக் ஆகிறது.

காலையில் முதல் ஓரிரு பிரேக்கில் மட்டும் என்றால் இரவு ஈரம், கவலை வேண்டாம். எப்போதும் என்றால் லைனிங்கில் ஆயில் பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், கொஞ்சமாகப் பட்ட ஆயில் வழுக்குவதற்குப் பதில் கவ்விப் பிடிக்கும். அப்புறம் ஒரே டிரம்முக்குள் இருக்கும் முன், பின் ஷூக்கள் மாறி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டி முன்னோக்கிப் போகும்போது டிரம் சுழலும் விசையே முன்பக்க ஷூவை இன்னும் அழுத்தும், அதனால் சில வண்டிகளில் முன், பின் ஷூக்களின் லைனிங் நீளமோ இடமோ வேறாக இருக்கும். இதற்காகவே ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள், மறுபக்கம் பார்த்து மாட்ட உதவும். கழற்றும் முன் போனில் நாலு படம்.

நட்சத்திர வடிவச் சக்கரத்தால் திருகும் அட்ஜஸ்டர் உள்ள வண்டியென்றால் இடது, வலது இரண்டின் மரையும் எதிரெதிர். மாற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைவதற்குப் பதில் கூடும்.

பழைய டிரம்மையே போடலாமா?

டிரம்மிலேயே உச்ச விட்டம் வார்த்திருக்கும். பொதுவாக அசல் அளவைவிட 2 மி.மீ. கூடுதல், அதாவது 180 மி.மீ. டிரம்மில் 182. அளந்து பாருங்கள். அதைத் தாண்டினால் மாற்றுங்கள். உள்விளிம்பில் உயரமான வரம்பு நின்றாலோ, சூட்டில் நீலத் திட்டுகளும் மெல்லிய விரிசல்களும் தெரிந்தாலோ புது ஷூ போட்டும் பயனில்லை. டிரம் வட்டம் கோணியிருந்தால் பெடல் காலுக்கடியில் துடிக்கும்.

டேஷ்போர்டில் பிரேக் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை.

பல வண்டிகளில் ஒரே விளக்குதான் ஹேண்ட் பிரேக்குக்கும் ஆயில் குறைவுக்கும் சேர்த்து எரியும். முதலில் டப்பாவில் ஆயில் அளவைப் பாருங்கள். ஷூ புதுசாக இருக்கும்போது ஆயில் குறைந்திருந்தால் எங்காவது கசிகிறதா, முன் டிஸ்க்கின் பேட் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அளவு சரியென்றால் லிவர் அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச். ஆயில் ஊற்றுவதானால் மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4, புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து. திறந்து வைத்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, கொதிநிலை இறங்கிவிடும். சிலிக்கான் வகையான டாட் 5 வேண்டவே வேண்டாம்.

செட் ஆக எவ்வளவு நாள் ஆகும்? இப்போது மேட்டில் கொஞ்சம் நழுவுகிறதே.

புது லைனிங்கின் வளைவும் பழைய டிரம்மின் வளைவும் முதல் நாளே பொருந்தாது, அங்கங்கேதான் தொடும். போக்குவரத்து இல்லாத சாலையில் 40 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாகப் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, மறுபடி வேகமெடுத்து, நடுவே ஆற இடம் கொடுத்து இருபது தடவை செய்யுங்கள். இரண்டு மூன்று நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அட்ஜஸ்டரையும் கேபிளையும் அதே வரிசையில் மறுபடி சரிபாருங்கள். சக்கரம் சூடாக இருக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு நிறுத்தாதீர்கள், டிரம் ஆறிச் சுருங்கும்போது கோணிவிடும்.

அதுவரை மேட்டில் நிறுத்தும்போது, வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றால் முன்சக்கரத்தை ஓரக்கல் பக்கமும், ஏற்றத்தைப் பார்த்து நின்றால் அதற்கு எதிர்ப்பக்கமும் திருப்பி, முதல் கியரிலோ ரிவர்ஸிலோ போட்டு, ஒரு கல்லும் கொடுங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டியும், அட்ஜஸ்ட்மென்ட் சரியாக இருந்தும் நழுவினால், டிரம்மைக் கழற்றி லைனிங் எங்கெங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். நடுவில் மட்டும் அல்லது ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் டிரம் லேத்துக்குப் போக வேண்டும்.